நாய்க்கு ஆபரேஷன், 45,000 ரூபாய் ஆகும்னு சொல்றாங்க: இன்னொரு டாக்டரைப் பார்க்கணுமா, வேண்டாமா?



சம்பளம் வந்து நாலு நாள்தான் ஆச்சு. வாடகை கட்டியாச்சு, வண்டி இஎம்ஐ போயாச்சு, வீட்டுக்கும் அனுப்பியாச்சு. ஆபீஸ்ல இருந்து வந்து பார்த்தா, வாசலுக்கு ஓடி வர்ற நாய் இன்னைக்கு மூலையில படுத்திருக்கு. பின்னங்காலைத் தூக்கிட்டு நடக்குது. பக்கத்து கிளினிக்குக்குத் தூக்கிட்டு ஓடறீங்க. எக்ஸ்ரே எடுக்குறாங்க. "ஆபரேஷன் பண்ணணும், எல்லாம் சேர்த்து 45,000 கிட்ட வரும், யோசிச்சுச் சொல்லுங்க"ன்னு டாக்டர் சொல்றார்.

அந்த நிமிஷம் மனசுல ரெண்டு குரல் கேட்கும். "இன்னொரு டாக்டர்கிட்ட காட்டலாமா?" இது ஒண்ணு. "உயிர் விஷயத்துல போய் காசு கணக்கு பார்க்குறியே"ன்னு இன்னொண்ணு. இந்த ரெண்டாவது குரலுக்குப் பயந்துதான் நிறைய பேர் அங்கேயே கார்டைத் தேய்ச்சுடறாங்க. இல்லன்னா எதுவுமே முடிவு பண்ணாம பத்து நாளைக் கடத்திடறாங்க. ரெண்டுமே தப்பு.

முதல்ல சுருக்கமான பதிலைச் சொல்லிடறேன். மூணு கேள்வி கேளுங்க. காத்திருக்க நேரம் இருக்கா? இந்த முடிவைப் பிறகு திருப்ப முடியாதா, அல்லது உங்க ஒரு மாச சம்பளத்தைத் தாண்டுதா? ரெண்டாவது டாக்டர் சொல்ற பதிலால நீங்க செய்யப்போறது மாறுமா? மூணுக்கும் "ஆமாம்"னா, தயங்காம இன்னொரு டாக்டரைப் பாருங்க. முதல் கேள்விக்கே "இல்லை"ன்னா, இருக்கிற இடத்திலேயே சிகிச்சையை ஆரம்பிங்க.

இப்போ ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல் கேள்வி: நேரம் இருக்கா?

சில பிரச்சினைகள்ல இன்னொரு டாக்டரைத் தேடி அலையற நேரமே உயிரைக் குடிச்சிடும். கீழே இருக்கிறதுல ஏதாவது ஒண்ணு இருந்தா, பக்கத்துல எந்த டாக்டர் இருக்காரோ அவர்கிட்டயே போங்க:

- வயிறு உப்பிக்கிட்டு, வாந்தி எடுக்க முயற்சி பண்ணியும் ஒண்ணும் வராத பெரிய நாய். இரைப்பை முறுக்கிக்கிட்டிருக்கலாம். இது மணிக்கணக்குல உயிரை எடுக்குற விஷயம்.
- கருத்தடை பண்ணாத பெண் நாய், ஹீட் முடிஞ்ச சில வாரங்கள்ல சோர்ந்துபோய், தண்ணி அதிகமா குடிச்சு, அடியில சீழ் மாதிரி ஒழுகினா கர்ப்பப்பையில சீழ் பிடிச்சிருக்கலாம். சீழ் வெளிய வராம உள்ளேயே தங்கினா இன்னும் ஆபத்து.
- தடுப்பூசி முழுசா போடாத குட்டி, வாந்தியும் ரத்தப்பேதியுமா இருந்தா பார்வோவா இருக்கலாம்.
- சிறுநீர் போக முயற்சி பண்ணியும் சொட்டுக்கூட வராத ஆண் நாய்.
- ஈறு வெளுத்துப்போறது, மூச்சுத் திணறல், நிக்காத வலிப்பு, எலி மருந்து சாப்பிட்டது, மே மாச வெயில்ல மயங்கி விழுந்தது.

இந்த மாதிரி நேரத்துல நீங்க கேட்க வேண்டிய கேள்வி வேற: "டாக்டர், இங்கேயே பார்க்கக்கூடிய வசதி இருக்கா, இல்ல இப்பவே வேற இடத்துக்குக் கொண்டு போகணுமா?" அவ்வளவுதான்.

நொண்டற கால், மெதுவா வளர்ற கட்டி, ரொம்ப நாளா இருக்கிற தோல் பிரச்சினை, கிட்னி ரிப்போர்ட்ல நம்பர் ஏறியிருக்கிறது, இந்த மாதிரி விஷயங்கள்ல பெரும்பாலும் சில நாள் அவகாசம் இருக்கும். அதையும் நீங்களா ஊகிக்காதீங்க. முதல் டாக்டர்கிட்டயே நேரா கேளுங்க: "ஒரு மூணு நாள் தள்ளினா இதுக்கு ஆபத்து இருக்கா?"

ரெண்டாவது கேள்வி: எந்த முடிவுக்கெல்லாம் இன்னொரு கருத்து தேவை?

காலை எடுக்கணும், கண்ணை எடுக்கணும், கட்டியை வெட்டணும், மயக்க மருந்து கொடுத்துப் பெரிய ஆபரேஷன் பண்ணணும், வாழ்நாள் முழுக்க மாத்திரை கொடுக்கணும், கருணைக்கொலைதான் வழி. இதெல்லாம் பண்ணின பிறகு "அய்யோ, வேற வழி இருந்திருக்கே"ன்னு தெரிஞ்சா திருப்ப முடியாது, இல்லன்னா ரொம்பக் கஷ்டம்.

இன்னொரு சூழ்நிலையும் இருக்கு. சொன்னபடி மருந்து கொடுத்து முடிச்சாச்சு, ரிவ்யூவுக்கும் போயாச்சு, ஆனா முன்னேற்றமே இல்ல. நோய் என்னன்னு பேரும் சொல்லல. ஒவ்வொரு தடவையும் ஊசி மட்டும் மாறுது. அப்பவும் இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம்.

ஆனா முதல் நாள் மருந்து கொடுத்துட்டு, மறுநாள் காலையில "இன்னும் சாப்பிடல"ன்னு வேற கிளினிக்குக்கு ஓடறது ரெண்டாவது கருத்து ஆகாது. உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்குற டாக்ஸிசைக்ளின் கோர்ஸ் வழக்கமா நாலு வாரம் வரைக்கும் போகும். நடுவுல நிறுத்திட்டு டாக்டரை மாத்தினா, காசும் வீண், நோயும் பாதியில நிக்கும்.

மூணாவது கேள்வி: பதில் மாறினா நீங்க மாறுவீங்களா?

"யார் என்ன சொன்னாலும் ஆபரேஷன் பண்ணத்தான் போறேன்"னு முடிவெடுத்துட்டீங்கன்னா, இன்னொரு டாக்டருக்குக் கொடுக்குற காசு மனசமாதானத்துக்கு மட்டும்தான். அதுவும் தப்பில்ல, ஆனா அப்படின்னு தெரிஞ்சே கொடுங்க.

பதில் மாறுறதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். நம்ம ஊர் நாய்கள்ல, முக்கியமா தெருவுல இருந்து எடுத்து வளர்க்குற நாய்கள்ல, பிறப்புறுப்புப் பக்கம் பூக்கோசு மாதிரி ரத்தம் கசியற ஒரு கட்டி வரும். இனச்சேர்க்கை மூலமா நாய்க்கு நாய் பரவற கட்டி அது. பார்த்தா பயமா இருக்கும், வெட்டி எடுத்துடணும்னுதான் தோணும். ஆனா அந்த வகைக் கட்டிகள்ல பெரும்பாலானவை வின்கிறிஸ்டின் என்ற ஊசியை வாரம் ஒண்ணா சில வாரம் போட்டாலே கரைஞ்சிடும். ஊசி வச்சு கொஞ்சம் செல் எடுத்துப் பார்க்குற சின்ன டெஸ்ட்லயே அது என்ன கட்டின்னு பெரும்பாலும் தெரிஞ்சிடும். அதனால எந்தக் கட்டியா இருந்தாலும், வெட்டறதுக்கு முன்னாடி "செல் டெஸ்ட் எடுத்துப் பார்த்தாச்சா?"ன்னு கேளுங்க.

இப்போ கணக்கு போடுவோம்

புரியறதுக்காக நான் எடுத்துக்குற நம்பர்கள் இவை. உங்க நம்பரை நீங்க போட்டுப் பாருங்க.

கையில வர்ற சம்பளம் 35,000. ஆபரேஷன் செலவு 45,000. இன்னொரு டாக்டரைப் பார்க்க கன்சல்டேஷன் 600, போக வர வண்டிக்கு 900, புதுசா ஒரு டெஸ்ட் எடுக்கச் சொன்னா 1,500. மொத்தம் 3,000.

45,000-ஐ 3,000-ஆல வகுத்தா 15. அதாவது, 15-ல ஒரு தடவை ரெண்டாவது டாக்டர் "ஆபரேஷன் தேவையில்ல"ன்னு சொல்ற வாய்ப்பு இருந்தாலே, காசு அளவுல கணக்கு சரியாயிடும். நாய்க்குத் தேவையில்லாத மயக்க மருந்தும் தையலும் மிச்சமாகுறது தனி.

இதையே திருப்பிப் பாருங்க. உண்ணிக் காய்ச்சல்னு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சாச்சு, மாத்திரை செலவு மொத்தம் 2,500. இதுக்கு 3,000 செலவு பண்ணி இன்னொரு டாக்டரைத் தேடறதுல அர்த்தமே இல்ல. மருந்தை ஒழுங்கா கொடுங்க, ரிவ்யூவுக்குப் போங்க.

லீவையும் கணக்குல சேருங்க. 35,000 சம்பளத்துல ஒரு நாள் எல்ஓபி போனா, உங்க கம்பெனி எப்படி வகுக்குதுங்கிறதைப் பொறுத்து 1,150-ல இருந்து 1,350 வரைக்கும் போயிடும். கேஷுவல் லீவ் மிச்சம் இருக்கான்னு முதல்ல பாருங்க.

நான் பண்ணின தப்பு

எங்க வீட்டு நாய் பேரு சுப்பு. ரெண்டு வருஷம் முன்னாடி, மழைக்காலத்துல, பின்னங்காலைத் தூக்க ஆரம்பிச்சான். முதல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துட்டு, முட்டி லிகமென்ட் கிழிஞ்சிருக்கு, ஆபரேஷன் வேணும்னார். எனக்கு இன்னொருத்தர்கிட்ட கேட்கணும்னு தோணுச்சு. ஆனா அதை அவர் முகத்துக்கு நேரா சொல்லக் கூச்சம். "வீட்ல கேட்டுட்டு வரேன் சார்"னு நழுவிட்டேன். எக்ஸ்ரேவைக்கூட கேட்டு வாங்கல.

ரெண்டாவது டாக்டர்கிட்ட வெறுங்கையோட போனேன். திரும்பவும் எக்ஸ்ரே, திரும்பவும் அசையாம இருக்க மயக்க ஊசி. ஒரே காலுக்கு ரெண்டு தடவை காசு கொடுத்தேன். அதைவிட, அந்த ரெண்டாவது ஊசி போட்டதும் சுப்பு என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு.

அவரும் அதே பதில்தான் சொன்னார்: லிகமென்ட்தான், ஆபரேஷன்தான். ஆனா அதோட விடல. "சமீபத்துல உண்ணி இருந்துச்சா?"ன்னு கேட்டார். போன வாரம்தான் காதுல இருந்து நாலஞ்சு பிடுங்கிப் போட்டேன்னு சொன்னேன். ரத்தம் எடுத்தார். பிளேட்லெட் ரொம்பக் குறைவு. உண்ணிக் காய்ச்சல். அந்த நிலைமையில கத்தி வச்சிருந்தா ரத்தம் நிக்காமப் போயிருக்கலாம். முதல்ல காய்ச்சலுக்கு மருந்து, பிளேட்லெட் ஏறின பிறகு ஆபரேஷன்னு வரிசை மாறிச்சு.

முதல் டாக்டர் தப்பானவர்னு நான் சொல்ல மாட்டேன். ஆபரேஷனுக்கு முன்னாடி அவரும் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கலாம். உண்ணி விஷயத்தை அவர்கிட்ட நான்தான் சொல்லல. ஆபரேஷன் செலவு கடைசியில எனக்குக் குறையவே இல்ல. ஆனா சுப்பு இன்னைக்கும் வாசலுக்கு ஓடி வர்றான்.

ஃபைல் கையில இருக்கணும்

நான் பண்ணின தப்பை நீங்க பண்ணாதீங்க. கிளினிக்கை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே இதையெல்லாம் கேட்டு வாங்குங்க:

1. நோயோட பேரு எழுதின சீட்டு. உறுதியா, சந்தேகமான்னும் எழுதச் சொல்லுங்க.
2. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள். போட்டோவைவிட ஒரிஜினல் ஃபைலா வாட்ஸ்அப்லயோ மெயில்லயோ வாங்குறது நல்லது.
3. ரத்த ரிப்போர்ட், தேதியோட.
4. கொடுத்த ஊசி, மாத்திரை எல்லாத்தோட பேரும் அளவும்.
5. செலவுப் பட்டியல். டாக்டர் ஃபீஸ், மயக்க மருந்து, உள்பொருத்தற பிளேட், ஆபரேஷனுக்குப் பிறகு டிரெஸ்ஸிங், எல்லாம் தனித்தனியா.

நாலாவது விஷயத்தை லேசா எடுத்துக்காதீங்க. முதல் டாக்டர் வலிக்கு ஒரு ஊசி போட்டிருப்பார். அது தெரியாம ரெண்டாவது டாக்டர் இன்னொரு வலி மருந்தோ ஸ்டீராய்டோ கொடுத்தா, நாயோட வயித்துல புண்ணாகி ரத்தம் கசியலாம். கிட்னியும் பாதிக்கலாம். நாம சாப்பிடற இபுப்ரோஃபென் மாதிரி மாத்திரையை நீங்களா கொடுத்திருந்தா அதையும் வெட்கப்படாம சொல்லிடுங்க.

டாக்டர்கிட்ட எப்படிக் கேட்குறது? இப்படிக் கேளுங்க: "சார், பெரிய ஆபரேஷனா இருக்கு, எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு. இன்னொருத்தர்கிட்டயும் ஒரு தடவை காட்டிட்டு முடிவு பண்றேன். ரிப்போர்ட் எல்லாம் கொடுத்தா உதவியா இருக்கும்." நல்ல டாக்டர் இதைத் தப்பா எடுத்துக்க மாட்டார். பல பேர் "இவரைப் போய்ப் பாருங்க"ன்னு அவங்களே சொல்லுவாங்க.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில இருந்து எங்க போறது?

நம்ம பக்கத்துல தனியார் கிளினிக் நிறைய இருக்கு. ஆனா ரெண்டாவது கருத்துக்குப் போகும்போது, அதே மாதிரி இன்னொரு கிளினிக்குக்குப் போறதைவிட, ஒரு படி மேல வசதி இருக்கிற இடத்துக்குப் போறது நல்லது.

நம்ம ஊருக்கு ஒரு பெரிய வரம் வேப்பேரியில இருக்கிற சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி. 1903-ல ஆரம்பிச்ச கல்லூரி. 1989-ல உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தோட ஒரு பகுதியா இப்போ இருக்கு. மெடிசின், சர்ஜரி, கர்ப்பப்பை சம்பந்தமான பிரிவுன்னு தனித்தனியா டாக்டர்கள் இருப்பாங்க. அரசு நிறுவனம்ங்கிறதால கட்டணமும் தனியாரைவிட ரொம்பக் குறைவு. இங்க நீங்க கொடுக்குற விலை நேரம்தான். கூட்டம் இருக்கும், மாணவர்கள் முதல்ல பார்ப்பாங்க, பிறகு பேராசிரியர் பார்ப்பார். காலையில சீக்கிரமே போயிடுங்க, அரை நாள் லீவ் பத்தாது.

பூந்தமல்லிக்காரங்களுக்கு வழி சுலபம், பூந்தமல்லி நெடுஞ்சாலையே வேப்பேரி பக்கம் கொண்டு வந்து விட்டுடும். ஆவடி, அம்பத்தூர்ல இருந்து வர்றவங்க சி.டி.எச். ரோட்டுல பாடி வந்து போகலாம். பாடியில இருந்து ரெட்டேரி வழியா மாதவரம் போனா, பால்பண்ணை வளாகத்துல அதே பல்கலைக்கழகத்தோட இன்னொரு மருத்துவமனை இருக்கு. வண்டி புக் பண்ணும்போதே நாய் இருக்குன்னு டிரைவர்கிட்ட சொல்லிடுங்க, இல்லன்னா வாசல்ல வந்து கேன்சல் பண்ணிடுவாங்க.

எங்க போனாலும் ஒண்ணு பாருங்க. இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984-ன்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் சிகிச்சை பண்ணணும். போர்டுலயோ சீட்டுலயோ பி.வி.எஸ்சி. பட்டமும் பதிவு எண்ணும் இருக்கணும். பெட் ஷாப்காரர் சொல்றதும், ரீல்ஸ்ல பார்க்குறதும் ரெண்டாவது கருத்து ஆகாது.

ரெண்டாவது டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்?

உள்ள போனதும் "அவர் 45,000 கேட்குறார் சார், சரியா?"ன்னு ஆரம்பிக்காதீங்க. அது விலை விசாரணை ஆயிடும். நாய்க்கு என்ன ஆச்சு, எப்போல இருந்து, என்ன மருந்து கொடுத்தாச்சுன்னு சொல்லுங்க. அவரே பார்க்கட்டும். பிறகு ரிப்போர்ட்டைக் கொடுங்க. அப்புறம் கேளுங்க:

- இது என்ன நோய்னு எவ்வளவு உறுதியா சொல்ல முடியும்?
- ஆபரேஷன் பண்ணலன்னா என்ன ஆகும்? எத்தனை நாள்ல?
- இந்த வயசுக்கும் எடைக்கும் வேற வழி இருக்கா?
- ஆபரேஷனுக்குப் பிறகு என் நாய் எப்படி இருக்கும்?
- உங்க நாயா இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?

எடைங்கிறது முக்கியம். அதே லிகமென்ட் கிழிசல், சின்ன நாய்க்குப் பல சமயம் ஓய்வும் மருந்துமே போதும். 30 கிலோ லேபரடாருக்கு ஆபரேஷன்தான் நல்ல வழின்னு சொல்ல வாய்ப்பு அதிகம்.

ரெண்டு பேரும் ஒரே பதில் சொன்னா, அதோட நிறுத்துங்க. "வேண்டாம்"னு சொல்ற மூணாவது டாக்டரைத் தேடிப் போறது பயம்தான். ரெண்டு பேரும் வேற வேற பதில் சொன்னா, முதல் டாக்டருக்கே போன் பண்ணி "அவர் இப்படிச் சொல்றார், உங்க கருத்து என்ன?"ன்னு கேளுங்க. காரணத்தைத் தெளிவா விளக்குறவர் பக்கம் போகலாம். விலை குறைவுன்னு மட்டும் முடிவு பண்ணாதீங்க.

காசு எங்க இருந்து வரும்?

கம்பெனி குரூப் இன்சூரன்ஸ்ல நாய்க்கு இடமில்ல. மெடிக்கல் இன்சூரன்ஸ் வரிச்சலுகையும் கிடையாது, அது குடும்பத்துக்கும் பெற்றோருக்கும்தான். நாய்க்குத் தனி இன்சூரன்ஸ் இந்தியாவுல இருக்கு. ஆனா நோய் வந்த பிறகு வாங்கினா, ஏற்கனவே இருக்கிற நோய்னு ஒதுக்கிடுவாங்க. நாய் இளசா, ஆரோக்கியமா இருக்கும்போதே வயசு வரம்பையும் காத்திருப்புக் காலத்தையும் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க. தடுப்பூசி கார்டைப் பத்திரமா வைங்க.

பில்லையும் பாருங்க. கால்நடை கிளினிக்கோட சிகிச்சை சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கு. மருந்துக்கும் பெட் ஃபுட்டுக்கும் ஜிஎஸ்டி உண்டு. கன்சல்டேஷன் ஃபீஸ் மேல வரி போட்டிருந்தா ஏன்னு கேளுங்க.

45,000-ஐ கிரெடிட் கார்டுல போட்டுட்டுக் கட்டாம விட்டா, மாசம் 3.5% வட்டின்னு வச்சாலும் 1,575 ரூபாய் வட்டியாவே போகும். அது மேல ஜிஎஸ்டி தனி. அதைவிட, ஆபரேஷனை அவசரமா பண்ணத் தேவையில்லன்னா, அந்த ரெண்டு மூணு வாரத்துல பணத்தைத் திரட்டுங்க. கிளினிக்லயே ரெண்டு தவணையா கட்டலாமான்னு கேளுங்க. ஆப் லோன் பக்கம் மட்டும் போகாதீங்க.

இப்போ நாய் நல்லா இருக்கிறவங்க, இன்னைக்கே மாசம் 1,500 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போடுங்க. வருஷத்துக்கு 18,000. இரண்டரை வருஷத்துல 45,000, வட்டியும் சேரும். அந்தப் பணம் கையில இருந்தா, டாக்டர் "யோசிச்சுச் சொல்லுங்க"ன்னு சொல்லும்போது, நிஜமாவே நாயைப் பத்தி மட்டும் யோசிக்க முடியும்.

கடைசியா அந்த ரெண்டாவது குரலுக்கு வர்றேன். காசு கணக்கு பார்க்குறது பாசம் இல்லாததால இல்ல. நாய்க்கு வாய் இல்ல, "எனக்கு இது வேண்டாம்"னு அதால சொல்ல முடியாது. அதுக்குப் பதிலா நாமதான் கேள்வி கேட்கணும். சில சமயம் ரெண்டு டாக்டரும் "வயசாயிடுச்சு, ஆபரேஷன் பண்ணினா கஷ்டம்தான் அதிகம்"னு சொல்லலாம். அப்போ அந்த 45,000-ஐ செலவு பண்ணாம, வலி குறையற மருந்தோட பக்கத்துல உட்கார்ந்திருக்கிறதும் சரியான முடிவுதான். குற்ற உணர்ச்சி வேண்டாம்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை பண்ணுங்க: உங்க நாயோட தடுப்பூசி கார்டு, பழைய சீட்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து போன்ல ஒரே ஃபோல்டர்ல போடுங்க. அப்படியே காதுக்குள்ள உண்ணி இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.